காப்பிலி என்றொரு சொல்

வரலாறு என்றால் மன்னர்களின் முடிசூட்டு விழாக்களையும் தேசாதிபதிகளின் பதவிக் காலங்களையும் வரிசைப்படுத்திய அட்டவணை என்றே நம் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. அந்த அட்டவணையிலே உழைத்தவனுக்கு இடமில்லை. அவனுடைய எண்ணிக்கைக்கு மட்டுமே இடமுண்டு. இத்தனை போர்வீரர், இத்தனை அடிமைகள், இத்தனை கூலிகள் என்று கணக்கு வரும். பெயர் வராது, குரல் வராது. இலங்கைத் தீவிலே இந்த அநீதிக்கு நீண்ட காலம் இலக்காகி நிற்பவர்கள் ஆபிரிக்க வம்சாவளியினரான ஒரு சிறு மக்கட் கூட்டத்தினர்.

1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பிலே ஜாலஸ்தி என்றொரு கடற்றலைவன் இருந்தான் என்றும், அவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என்றும் எழுதி வைத்தார். தலைவனின் பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஐந்நூறு மனிதரில் ஒருவரின் பெயரும் கிடைக்கவில்லை. அவர்கள் என்ன பாடினார்கள், எந்த மொழியிலே கனவு கண்டார்கள், எந்தத் தாயை நினைத்து அழுதார்கள் என்று கேட்டு எழுதுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் வந்தபோது மொசாம்பிக்கிலிருந்தும் பிற கரைகளிலிருந்தும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் அவர்களின் முதுகிலே கல்லேற்றிக் கொழும்புக் கோட்டையைக் கட்டினர். பகலெல்லாம் உழைத்தவர்களை இரவிலே நீர் சூழ்ந்த ஓரிடத்தில் அடைத்து வைத்தனர். கொம்பனித்தெரு என்று நாம் கூறும் அவ்விடத்தை ஆங்கிலேயர் பின்னர் 'அடிமைத் தீவு' என்றே தம் மொழியில் அழைத்தனர். அந்த ஆங்கிலேயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆபிரிக்கரை விலைகொடுத்து வாங்கிச் சீருடை அணிவித்து, கண்டி இராச்சியத்தின் மீது ஏவினர். நாடிழந்தவனைக் கொண்டு இன்னொருவன் நாட்டைப் பறிப்பதுதான் ஏகாதிபத்தியத்தின் சிக்கனம்.

அந்தப் படையிலே நம் மலாய் முஸ்லிம் சகோதரரும் பெருந்தொகையினராக இருந்தார்கள். இலங்கைத் துப்பாக்கிப் படை என்னும் பெயருடைய அப்படைப் பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்திலே தங்கிவிட்ட ஆபிரிக்க வீரர்களின் சந்ததியினர் சில பத்துக் குடும்பங்களாக இன்றும் சிறாம்பியடிய என்னும் ஊரில் வாழ்கின்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர். வீட்டிலே பேசும் மொழி இன்று சிங்களம். ஆனால் பாட்டு மட்டும் போர்த்துக்கேயமும் கீழைத்தேய மொழிகளும் கலந்து விளைந்த பழைய கிரியோல் மொழியிலே நிற்கிறது. மஞ்சா எனும் அப்பாடலுக்குப் பெரிய வாத்தியங்கள் எவையும் வேண்டியதில்லை. ரபான், சிரட்டைகள், ஒரு போத்தல், ஒரு மர முக்காலி: கையிலகப்பட்டவையெல்லாம் தாளமாகின்றன. வரியின் பொருளைப் பாடுவோரே முழுமையாக அறியாத இடங்களும் உண்டு. பொருள் மறைந்த பின்னும் பாட்டு மறையவில்லை. இதைவிடப் பெரிய வாய்மொழி ஆவணம் எங்கே இருக்கிறது?

இம்மக்களை நாம் என்ன பெயரால் அழைக்கிறோம்? காபிர், காப்பிரி, காப்பிலி. இச்சொல்லின் பயணத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அரபு மொழியிலே 'காபிர்' என்றால் இறைவனை மறுப்பவன் என்று பொருள். கிழக்காபிரிக்கக் கரைகளிலே வாணிபம் செய்த அராபியர் தம் மார்க்கத்தைச் சாராத கறுப்பின மக்களை அப்பெயரால் குறித்தனர். அவர்களிடமிருந்து போர்த்துக்கேயர் அதைப் பெற்றுக் கறுப்பு மனிதனுக்குரிய பெயராக்கினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்காவிலே அது மனிதனைக் காறி உமிழும் வசையாயிற்று. அங்கே இன்று அச்சொல்லால் ஒருவரை இழிவுபடுத்துவோர் நீதிமன்றத்திலே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இலங்கையிலோ புத்தளத்து மக்கள் அதே சொல்லைத் தம் சமூகத்தின் பெயராக ஏற்று, தலை நிமிர்ந்து கூறுகின்றனர். தம்மைத் தாம் எப்படி அழைப்பது என்பது அவர்களின் உரிமை. அதைத் திருத்த வேறெவருக்கும் அதிகாரமில்லை.

ஆனால் கல்முனைக் கரையிலே, மருதமுனையிலே, சாய்ந்தமருதிலே அச்சொல் எப்படி வழங்குகிறது? கறுத்துப் பிறந்த குழந்தையைக் கேலி செய்யும்போது வழங்குகிறது. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையை அச்சுறுத்தும்போது வழங்குகிறது. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தினர் படலையைத் தாண்டியதும் தம்முள் முணுமுணுக்கும்போது வழங்குகிறது. இஸ்லாத்தின் முதல் பாங்கை ஒலித்தவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பு மனிதரான பிலால் என்பதை நம் சிறுவர் மதரஸாவிலே கற்கின்றனர். கறுத்தவனை விட வெள்ளையனுக்கு மேன்மையில்லை என்று நபிகள் நாயகம் தம் இறுதிப் பேருரையிலே கூறியதை ஜும்ஆ மேடைகள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. மேடையிலே பிலால், தெருவிலே காப்பிலி! மார்க்கம் சொல்வதற்கும் மணப்பந்தல் கேட்பதற்கும் இடையே உள்ள இத்தூரத்தை அளக்க எந்த முழக்கோலும் போதாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பயிலும் என் மகள்தான் இணையத்திலே இத்தகைய வாய்மொழிக் களஞ்சியங்கள் இருப்பதை எனக்குக் காட்டினாள். கடந்த சில மாதங்களாக இரவு தோறும் நாங்கள் இருவரும் அமர்ந்து கேட்டு வந்தோம். கேட்டவற்றிலே சில செய்திகளை இங்கே கூற வேண்டும். ஏனெனில் பழங்கதை கேட்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர்.

அமெரிக்காவிலே 1936 முதல் 1938 வரை, பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த எழுத்தாளருக்கு அரசாங்கமே ஒரு வேலைத் திட்டத்தைத் தந்தது. அதன் ஒரு பகுதியாக, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியோரைத் தேடிச் சென்று அவர்களின் வாக்குமூலங்களை எழுதினர். 2,300க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் திரண்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்திலே எவரும் படிக்க வைத்திருக்கிறது. அடிமைகளாயிருந்த சிலரின் குரலை ஒலியாகவே கேட்கவும் வழியுண்டு. விற்கப்பட்ட ஒரு மனிதனின் குரலைக் கல்முனைக்குடியிலே ஒரு வீட்டு முற்றத்திலிருந்து கேட்பது சாதாரண அனுபவமன்று.

அவ்வாக்குமூலங்களுள் சார்ள்ஸ்டன் நகரத்து மூதாட்டி ஒருவருடையதும் உண்டு. சூசன் ஹமில்டன் என்பது அவர் பெயர். 1937இல் அவரை இருவர் தனித்தனியே பேட்டி கண்டனர். வெள்ளைப் பெண்ணொருவர் கேட்டபோது தம் எசமானர் நல்லவர் என்றார். கறுப்பினத்தவர் ஒருவர் கேட்டபோது சவுக்கடிகளைப் பற்றியும் குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டதைப் பற்றியும் பேசினார். பேசியவர் ஒருவர், கேட்டவர் இருவர், வரலாறும் இரண்டாயிற்று. மூதாட்டி பொய்யுரைத்தார் என்று கூறுவோர் ஒடுக்கப்பட்டவரின் நிலையை அறியாதவர்கள். பசித்திருக்கும் முதியவர், அதிகாரத்தின் வாசனை வீசும் ஒருவரிடம் எதைச் சொன்னால் ஆபத்தில்லையோ அதைத்தான் சொல்வார். வாய்மொழி வரலாறு சேர்க்க விரும்பும் ஒவ்வொரு மாணவனும் முதலிலே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: கேட்பவன் யார்?

மற்றொரு பாடத்தை சோரா நீல் ஹேர்ஸ்டன் என்னும் கறுப்பின எழுத்தாளரின் உழைப்பிலிருந்து கற்றோம். 1860இல் ஆபிரிக்காவிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்ட மனிதர்களுள் ஒருவரான கோசோலாவை அவர் அலபாமாவிலே சந்தித்துப் பேசினார். அம்முதியவரின் பேச்சை அவர் பேசியவாறே எழுதி, 1931இல் நூலை முடித்தார். கொச்சை மொழியை மாற்றி நல்ல ஆங்கிலத்திலே தந்தால் வெளியிடலாம் என்றது பதிப்புலகம். ஹேர்ஸ்டன் இணங்கவில்லை. 'பரக்கூன்' என்ற அந்நூல் அச்சேறியது 2018இல். எண்பத்தேழு ஆண்டுகள்! கோசோலாவும் இல்லை, ஹேர்ஸ்டனும் இல்லை. ஆனால் அம்மனிதரின் நாவு அப்படியே இருக்கிறது. மண்வாசனை மொழியிலே எழுதலாமா கூடாதா என்று ஈழத்து எழுத்தாளர் ஒரு காலத்திலே பண்டிதரோடு பொருதிய போராட்டம் உலகம் முழுவதும் நடந்த போராட்டத்தின் ஒரு கிளைதான்.

மூன்றாவது பாடம் நம் கிழக்கு மாகாணத்தோடு தொடர்புடையது. ஹியூ நெவில் என்னும் ஆங்கிலச் சிவில் அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இலங்கையில் பணியாற்றியபோது ஆயிரக்கணக்கான ஏடுகளையும் கைப்பிரதிகளையும் திரட்டினார். இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்திலே இருக்கும் அச்சேகரிப்பில், கிரியோல் மொழிப் பாடல்களைக் கொண்ட ஒரு கைப்பிரதியும் உண்டு. அதிலே மட்டக்களப்பிலே வழங்கிய பாடல்கள் ஒரு பகுதி. காபிர்களின் பாடல்கள் வேறொரு பகுதி. ஷிஹான் டி சில்வா ஜயசூரிய என்னும் ஆய்வாளர் அவற்றை வாசித்து, மொழிபெயர்த்து, இலங்கையின் ஆபிரிக்கரைப் பற்றி நூல்கள் எழுதினார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியரிடையே இன்றும் எஞ்சியிருக்கும் அக்கிரியோல் மொழியை லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் ஒலியும் காட்சியுமாகப் பதிவு செய்து, அழிந்துவரும் மொழிகளுக்கான இணையக் களஞ்சியத்திலே சேர்த்தனர். அக்களஞ்சியம் முன்னர் இலண்டனிலிருந்து இயங்கியது. 2021 முதல் பேர்லினிலிருந்து இயங்குகிறது.

பறங்கியர் திருமண வீடுகளிலே ஆடும் ஆட்டத்துக்குக் கபிரிஞ்ஞா என்று பெயர். பெயரிலேயே ஆபிரிக்கர் நிற்கின்றனர். அந்தத் தாளந்தான் வொலி பஸ்தியன் போன்ற கலைஞர்களின் கையிலே பைலாவாகி, இன்று இந்நாட்டின் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரையும் பஸ் பயணத்திலே கைதட்ட வைக்கிறது. ஒரு நாட்டின் களிப்பெல்லாம் எந்த மக்களின் தாளத்திலிருந்து பிறந்ததோ, அம்மக்கள் குடிசன மதிப்பீட்டிலே 'ஏனையோர்' என்ற கட்டத்துள்ளே அடங்கிக் கிடக்கின்றனர். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திலே உள்ள மட்டக்களப்பின் பாட்டைக் கேட்பதற்கு நாம் இலண்டனையும் பேர்லினையும் நாட வேண்டியிருக்கிறது. சேர்த்து வைத்தவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆயினும், பாட்டுக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் எளிதிலே சென்று கேட்கும் இடத்திலே அது இருக்கிறதா என்று வினவுவதும் நம் கடமை.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர், வெறும் கேட்போராக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணம் எங்களுக்கு உண்டாயிற்று. கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? எங்கள் குடும்பத்திலே ஒரு நினைவு இருந்தது. அதை வைத்திருந்தவர் என் வாப்பாவின் மூத்த சகோதரி. தொண்ணூறு வயதைக் கடந்தவர். மாமி என்றே இங்கு குறிப்பிடுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்பது அவருடைய கட்டளை.

நினைவைக் கூறுமுன் அதன் பின்னணியைக் கூற வேண்டும். இரண்டாம் உலகப் போரிலே, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. இத்தீவைக் காப்பதற்கும் பர்மாப் போருக்குப் பயிற்றுவதற்குமாக ஆங்கிலேயர் கிழக்காபிரிக்க வீரர்களைக் கொண்டுவந்தனர். கென்யா, உகண்டா, தங்கனிக்கா, இன்று மலாவி என வழங்கும் நியாசலாந்து ஆகிய நாடுகளின் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் அவர்கள். 1944 பெப்ரவரி 12ஆம் திகதி மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த 'கெடீவ் இஸ்மாயில்' என்னும் கப்பலை யப்பானிய நீர்மூழ்கி மாலைதீவின் அருகே தாக்கியபோது 1,200க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர் பலர் அவர்களுள் அடங்குவர். இலங்கையிலே பயிற்சி பெற்ற 11ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு அவ்வாண்டிலேயே பர்மாவின் கபோ பள்ளத்தாக்கிலே மழையிலும் மலேரியாவிலும் போரிட்டது. எவருடைய சுதந்திரத்துக்காக நாம் சாகிறோம் என்ற கேள்வியோடு பலர் ஊர் திரும்பினர். பர்மாவிலே போரிட்ட வருஹியு இதோதே பின்னர் கென்யாவின் மௌ மௌ எழுச்சியிலே 'ஜெனரல் சைனா' எனப் பெயர் பெற்றார். இவையெல்லாம் நூல்களிலே உண்டு. நூல்களிலே இல்லாத ஒன்றை மாமி வைத்திருந்தார்.

அவருடைய வாப்பா, அதாவது என் மூத்தவாப்பா, வண்டில்காரர். மருதமுனைச் சாரன்களையும் நெல்லையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய் வருவது தொழில். குண்டு விழுந்த மறு வருடம் ஒருநாள் சிறுமியான மாமியும் வண்டிலிலே போயிருக்கிறார். வழியிலே ஒரு பள்ளிவாசலண்டை மாடுகளை அவிழ்த்திருந்த வேளை, பட்டாள லொறிகள் வந்து நின்றன. கறுப்பு வீரர்கள் இறங்கினார்கள். தெருவிலே நின்ற சனம் வீடுகளுக்குள் ஓடியது. மாமி வண்டிலின் அடியிலே ஒளிந்து கொண்டார். வீரருள் மூவர் பள்ளிவாசல் கிணற்றடிக்குப் போனார்கள். இனி அவர் மொழியிலேயே தருகிறேன்.

"கிணத்தடியில மூணு பேரும் கை கால் கழுவினானுகள். பள்ளிக்குள்ள பூரப் போறானுகள் எண்டு மோதினார் கம்பெடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. மூத்தவன் ஒருத்தன் நெஞ்சில கைய வெச்சி ஸலாம் சொன்னான் மகன். மோதினாருக்கு வாயே எழும்பல்ல. பொறகு அஸருக்கு வாப்பாட பக்கத்திலதான் நிண்டு தொழுதானுகள். வண்டிலுக்குக் கீழ கிடந்து நான் பாத்துக்கிட்டே இருந்தன். அவனுகளும் கலிமாச் சொன்ன மனிசருதான். நாங்கதான் காப்பிலி எண்டம்."

காபிர் என்று பெயரிடப்பட்டவன் ஸலாம் கூறுகிறான். முஸ்லிம் கம்பெடுத்து நிற்கிறான். ஐந்து நூற்றாண்டுகளாகப் பல கடல்களைத் தாண்டி வந்த ஒரு சொல் அந்தக் கிணற்றடியிலே தோற்றுப் போயிற்று. கிழக்காபிரிக்கப் படைகளிலே முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர் என்பதைப் படை வரலாறுகளே கூறுகின்றன. ஆனால் கிழக்கிலங்கையின் ஒரு சிறிய பள்ளிவாசலிலே ஆபிரிக்க விவசாயியின் மகனும் தமிழ் பேசும் வண்டில்காரரும் தோளோடு தோள் நின்றதை எந்தத் தளபதியின் நாட்குறிப்பும் கூறாது. மூத்தவாப்பா அதற்குப் பிறகு அச்சொல்லை வாயிலே எடுக்கவில்லையாம். "ஊரு விடல்ல" என்றார் மாமி.

இவ்வளவும் என்னிடம் கூறியவை. இரண்டு நாட்களுக்குப் பின் என் மகள் தனியே அமர்ந்து கேட்டாள். அவளிடம் மாமி கூறிய கதை வேறு. பட்டாளம் வந்த செய்தி ஊரிலே பரவியதும் பெண்பிள்ளைகளைப் பல நாட்கள் படலைக்கு வெளியே விடவில்லை. விளையாட்டும் பாட்டும் நின்றன. ஓதப் போவதும் நின்றது. அந்நாட்களிலேதான் ஒழுங்கையிலிருந்த பிள்ளைகள் தம்முள் மிகக் கறுத்தவளுக்கு அப்பெயரைச் சூட்டினார்கள். பட்டாளம் போய்விட்டது, போர் முடிந்தது, நாடு சுதந்திரமும் பெற்றது. பெயர் போகவில்லை. இருமுறை பேசிய கலியாணம் அந்த நிறத்தின் பேரால் தட்டிப் போயிற்று. அந்தச் சிறுமி மாமிதான்.

எண்பது ஆண்டுகள் இதை அவர் ஓர் ஆணிடமும் கூறியதில்லை. சார்ள்ஸ்டன் மூதாட்டியின் இரண்டு வாக்குமூலங்களை நான் படித்து வியந்தேன். என் வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு வாக்குமூலங்கள் இருந்தன. ஆண் கேட்டால் பள்ளிவாசல். பெண் கேட்டால் ஒழுங்கை. இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

பதிவைச் சீர்செய்ய அமர்ந்தபோது எங்களுக்குள்ளே ஒரு விவாதம் எழுந்தது.

"வாப்பா, அந்தச் சொல் வாற இடங்களை வெட்டிவிட்டுக் குடுப்பமா? ஆபிரிக்க வம்சத்துப் பிள்ளை ஒண்டு கேட்டா அதுக்கு எவ்வளவு நோகும்!"

அவளுடைய கேள்வியிலே நியாயம் இருந்தது. வேதனையைப் பதிவு செய்கிறோம் என்ற பெயரிலே வேதனையை மீண்டும் வழங்குவது அறமாகாது. ஆனால் வெட்டினால் என்ன எஞ்சும்? கிணற்றடி எஞ்சும், தொழுகை எஞ்சும், நம் ஊர் நல்ல ஊர் என்ற ஓர் இனிய கதை எஞ்சும். ஒழுங்கை மறைந்துவிடும். காயத்தைத் துடைத்துவிட்டுக் கத்தியையும் ஒளித்து வைத்தால், குத்தியவன் யார் என்ற கேள்விக்கே இடமில்லாது போகும். எசமானரின் நற்குணத்தை மட்டும் எழுதியவர்களின் செயலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இறுதியிலே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு சொல்லையும் வெட்டுவதில்லை. தொடக்கத்திலே, இப்பதிவில் கறுப்பின மக்களைப் புண்படுத்தும் சொல் வருகிறது என்றும், அச்சொல் எங்கிருந்து வந்தது, எவர் எவரை நோக்கிக் கூறினர் என்றும் ஒரு குறிப்பு சேர்ப்பது. மாமியின் பேச்சைச் செந்தமிழாக்காமல் 'எண்டு', 'நிண்டு' என்றே எழுத்திலும் வடிப்பது. பொருள் விளங்காத சொற்களுக்கு மட்டும் அருகே விளக்கம் தருவது. இப்பதிவை இன்ன பொருள் எனச் சுட்டும் இடத்திலே 'காப்பிலி' என்று எழுதாமல் 'கிழக்காபிரிக்கப் படைவீரர்', 'நிறப் பாகுபாடு' என்று எழுதுவது. சொல் பேச்சினுள்ளே சான்றாக இருக்கட்டும்; தலைப்பிலே ஏறி ஆட்சி செய்ய வேண்டாம்.

முழுவதையும் மாமிக்கு மீண்டும் போட்டுக் காட்டினோம். தம் குரலை முதன்முறையாகக் கேட்ட அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். கொடுக்கலாமா என்று கேட்டோம். "குடுங்க. பேரை மட்டும் போடாதீங்க. கறுத்த புள்ளையளப் பெத்த தாய்மாருக்குக் கேக்கட்டும்" என்றார். பதிவு நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குச் சென்றது. 

ஆவணகத்தைப் பற்றி அறியாத இளைஞருக்காகச் சில சொற்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. நூல்களை ஒரே கட்டடத்தினுள் பூட்டி வைத்தால் ஒரே தீக்குச்சி போதும் என்ற கொடிய பாடத்தை இந்நாட்டின் தமிழ் பேசும் மக்கள் அன்று கற்றனர். 2005இல் தன்னார்வ இளைஞர் முயற்சியாகத் தொடங்கிய இணைய நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்தது. அதன் கிளையான ஆவணகம் ஒலி, ஒளி, புகைப்படம் ஆகியவற்றுக்கான களஞ்சியம். கல்முனைக் கரைக்கு இதன் அருமை நன்கு விளங்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உறுதிகளும் கலியாணப் பதிவுகளும் கையெழுத்துப் பிரதிகளும் கடலோடு போயின. ஏடு போன பின்னர் நினைவு ஒன்றே எஞ்சியது. அந்த நினைவைச் சுமக்கும் தலைமுறையோ இப்போது நாளுக்கொருவராகக் கபுறுக்குள் இறங்கிக் கொண்டிருக்கிறது.

புத்தளத்து ஆபிரிக்கருக்காகக் கல்முனை முஸ்லிம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2018 பெப்ரவரியிலே அம்பாறை நகரிலே ஒரு வதந்தியைச் சாட்டாக வைத்துப் பள்ளிவாசலைத் தாக்கியோர், நாம் இந்த மண்ணுக்கு வந்தேறிகள் என்ற நினைப்பிலே வளர்க்கப்பட்டவர்கள். எங்கிருந்தோ வந்தவன் என்ற வசை எப்படிச் சுடும் என்பதை அனுபவித்த மக்கள், அதே வசையை இன்னும் சிறிய கூட்டத்தினர் மீது எறிவது எவ்வகையிலே நீதி? அடிமைத்தனம் ஆபிரிக்கருக்கு மட்டும் உரிய கதையுமன்று. இலங்கையிலே 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை யாழ்ப்பாணத்திலே கோவியர், நளவர், பள்ளர் எனும் சாதியினரை அடிமைகளாகப் பதிவு செய்த ஏடுகள் இருந்தன. நீரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட நூல் இந்நாட்டின் அடிமைகளது வாழ்வையும் எதிர்ப்பையும் அத்தகைய ஆவணங்களின் இடுக்குகளிலிருந்து தேடி எடுக்கிறது. ஆபிரிக்கனை விலைக்கு வாங்கிய அதே ஆட்சிதான் யாழ்ப்பாணத்து உழைப்பாளியையும் சொத்தென்று எழுதியது. நிறத்தின் பேராலும் சாதியின் பேராலும் மனிதனுக்கு விலை குறித்த கைகள் வேறல்ல. ஒடுக்கப்பட்டோர் ஒருவர் கதையை ஒருவர் கேளாதிருக்கும் வரை அக்கைகளுக்கு அச்சமில்லை.

ஆகவே, ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே, ஒரு வேலைத் திட்டத்தை முன்வைக்கிறேன். உங்கள் கையிலே உள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. பாடசாலை விடுமுறையிலே ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் மிக மூத்தவரிடம் ஒரு மணி நேரம் கேட்கட்டும். ஆணும் பெண்ணும் தனித்தனியே கேட்கட்டும். பேச்சின் இடையே திருத்தாதீர்கள். மௌனத்தையும் பதிவு செய்யுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் குண்டு விழுந்ததா, வெள்ளம் வந்ததா, சூறாவளி அடித்ததா என்று கேட்டு, ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏடு ஆண்டைத் தரும். வாய் மனிதனைத் தரும். கொடுக்கலாமா, பெயரைப் போடலாமா என்று சொன்னவரிடமே அனுமதி பெறுங்கள். ஒரு பிரதியைக் களஞ்சியத்துக்கும் மற்றொன்றைச் சொன்னவரின் வீட்டுக்கும் கொடுங்கள். மட்டக்களப்பிலே பறங்கியரின் பாட்டையும் புத்தளத்திலே மஞ்சாவையும் கேட்கச் செல்வோர், ஆராய்ச்சி செய்பவரின் தோரணையை வாசலிலே கழற்றி வைத்துவிட்டுச் செல்லட்டும்.

கறுத்த பிள்ளையைக் காப்பிலி என்று ஒருவர் அழைக்கும்போது, அச்சொல்லின் ஐந்து நூற்றாண்டுக் கதையை எடுத்துக் கூறக்கூடிய ஒரு மாணவி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்க வேண்டும். அந்த நாள் வரும்போதுதான் வாய்மொழிக் களஞ்சியம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று நாம் கூறலாம்.